சிறிய .22 ரைஃபிள்: முதலில் எதை மாற்றுவது?

கேள்வி: குழலைத் தனியாகக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளக்கூடிய, அரைத் தானியங்கி வகையைச் சேர்ந்த .22 ரிம்ஃபயர் ரைஃபிள் ஒன்றை உரிமத்துடன் வாங்கியிருக்கிறேன். முன்பு ஒருவர் பயன்படுத்தியது. காகிதக் குறிகளைச் சுட்டுப் பழகவும், தோட்டத்தைப் பாழாக்கும் முயல்களை விரட்டவும் இதுவே எனக்குப் போதும். ஆனால் ஒரு மேகசினை (தோட்டாக்கள் அடுக்கும் பெட்டியை)ச் சுட்டு முடிப்பதற்குள் ஒரு முறையாவது ஏதேனும் சிக்கிக்கொள்கிறது. கனமான குழல், இலகுவான விசைத் தொகுதி (டிரிகர்), 25 தோட்டா மேகசின், ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) ஆகிய நான்கையும் வாங்கிப் பொருத்த நினைக்கிறேன். எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: இந்த நான்கில் எதிலிருந்தும் தொடங்க வேண்டாம். அவற்றில் எதுவும் நீங்கள் சொல்லும் சிக்கலைத் தீர்க்காது. இரண்டு அதை இன்னும் மோசமாக்கக்கூடும். தயாரிப்பாளரின் புதிய மேகசின் இரண்டு, இரண்டு மூன்று வகைத் தோட்டாக்கள், சுட்ட கூட்டைக் குழலிலிருந்து இழுத்தெடுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் புதிதாக ஒன்று, ஒரு மாலை நேரத்துத் துப்புரவு வேலை ஆகியவற்றிலேயே உங்கள் ரைஃபிளின் நம்பகத்தன்மை பெரும்பாலும் அடங்கிவிடும். ஸ்கோப்பை அதற்குப் பிறகு வாங்கலாம்.

காரணம் தோட்டாவின் அமைப்பிலேயே இருக்கிறது. 1887-இல் அறிமுகமான .22 லாங் ரைஃபிள் தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து நடுவில் இல்லை. கூட்டின் அடி விளிம்புக்குள், சுற்றிலும் படியும்படி வைக்கப்பட்டிருக்கிறது. ரிம்ஃபயர் என்ற பெயர் இதனால்தான். அந்த விளிம்பைச் சுடும் ஊசி நசுக்கினால்தான் தோட்டா வெடிக்கும் என்பதால், தகடு மெல்லியதாகவே இருந்தாக வேண்டும். குண்டு மென்மையான ஈயம். அதன் மேற்பரப்பில் மெழுகுப் பூச்சு. ஆக, எளிதில் நசுங்கும், எளிதில் கீறும், போகுமிடமெல்லாம் மெழுகையும் கரியையும் விட்டுச்செல்லும் ஒரு பொருளை ரைஃபிள் தானாகவே எடுத்து, குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறைக்குள் தள்ள வேண்டியிருக்கிறது. போதாததற்கு, இவ்வகைச் சிறிய ரைஃபிள்களில் பெரும்பாலானவற்றில், அறையின் பின்வாயை மூடும் நகரும் துண்டான போல்ட் எதனோடும் பூட்டப்படுவதில்லை. அதன் எடையும் ஸ்பிரிங்கும் மட்டுமே அறையை மூடிவைக்கின்றன. வெடிக்கும் தோட்டாவின் பின்னுதைப்பே போல்ட்டைத் திறந்து, வெற்றுக்கூட்டை வெளியேற்றி, அடுத்த தோட்டாவை ஏற்றுவதற்கான உந்துதலையும் தருகிறது. எனவே தோட்டாவையும் இந்த இயந்திரத்தின் ஓர் உறுப்பாகவே கருத வேண்டும்; அதை மாற்றினால் இயந்திரமே மாறிவிடுகிறது.

'சிக்கிக்கொள்கிறது' என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டீர்கள். அதற்குள் குறைந்தது நான்கு வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கலாம். அடுத்த முறை நின்றுபோகும்போது உடனே போல்ட்டை இழுத்துச் சரிசெய்துவிடாமல், குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்துக்கொண்டு, விரலை விசையிலிருந்து எடுத்துவிட்டு, திறப்பின் வழியே பாருங்கள். வெற்றுக்கூடு புகைபோக்கி போலச் செங்குத்தாக நின்றுகொண்டு போல்ட்டுக்கும் அறைக்கும் நடுவே கடிபட்டிருந்தால், போல்ட் முழுத் தொலைவும் பின்னே போகவில்லை என்று பொருள். தோட்டா வலுவற்றது, அல்லது போல்ட் ஓடும் தடத்தில் பிசுக்கு ஏறியிருக்கிறது. வெற்றுக்கூடு அறைக்குள்ளேயே தங்கிவிட, புதிய தோட்டா அதன் முதுகில் முட்டி நின்றால், எக்ஸ்ட்ராக்டரையோ அழுக்கான அறையையோ சந்தேகியுங்கள். புதிய தோட்டாவின் மூக்கு சரிவில் ஏறாமல் கீழே குத்தி நின்றால் மேகசின்தான் முதல் குற்றவாளி. எல்லாம் சரியாக ஏறி, சுடும் ஊசியை அடிக்கும் சுத்தியல் விழுந்த ஓசையும் கேட்டு, வெடி மட்டும் வரவில்லையென்றால் அது நான்காவது வகை.

அந்த நான்காவது வகையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயனுள்ளது, ஏனெனில் வெடிக்காத தோட்டாவின் விளிம்பில் பதிந்த தழும்பே நோயைச் சொல்லிவிடும். வெடிக்காதபோது குழலைப் பாதுகாப்பான திசையிலேயே குறைந்தது 30 விநாடி வைத்திருங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு. அதன்பின் வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். தழும்பு ஆழமாகவும் தெளிவாகவும் இருந்தும் வெடிக்கவில்லையென்றால், அந்த இடத்து விளிம்புக்குள் மருந்து சரியாகப் படியவில்லை. தோட்டாவைச் சற்றே சுழற்றி மறுபடி ஏற்றினால் பெரும்பாலும் வெடித்துவிடும், குறை தோட்டாவினுடையது. தழும்பு மேலோட்டமாக இருந்தால் சுடும் ஊசி ஓடும் பள்ளத்தில் எண்ணெயும் கரியும் உறைந்திருக்கலாம், அல்லது சுத்தியல் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். சுழற்றாமல் அதே இடத்தில் இரண்டாவது அடி விழுந்ததும் வெடிக்கிறது என்றால் காரணம் வேறு. இந்தத் தோட்டாவின் விளிம்பின் தடிப்பு ஏறத்தாழ 1.1 மி.மீ.தான், அது அமர வேண்டிய இடத்தில் மெழுகும் கரியும் அடைத்திருந்தால் தோட்டா முழுமையாக உள்ளே போய் உட்காராது. முதல் அடி அதை முன்னே தள்ளி உட்காரவைப்பதிலேயே வீணாகி, இரண்டாவது அடிதான் வெடிக்கவைக்கிறது. இதற்குப் போய்ச் சுத்தியல் ஸ்பிரிங்கை மாற்றுவோர் பலர்.

வழக்கத்துக்கு மாறாக வெடியோசை மங்கலாகக் கேட்டால் மட்டும் எந்த ஆராய்ச்சியும் வேண்டாம். சுடுவதை நிறுத்தி, மேகசினையும் அறையிலுள்ள தோட்டாவையும் எடுத்துவிட்டு, குழலுக்குள் குண்டு நின்றுவிட்டதா என்று பார்த்த பிறகே அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும்.

இனி தோட்டாவுக்கு வருவோம். ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். இலக்குப் பயிற்சிக்கான சாதாரண வேகத் தோட்டாக்கள் இதற்குச் சற்றுக் கீழே, 330 மீட்டர் அளவில் போகின்றன. 'ஹை வெலாசிட்டி' எனப்படுபவை 370 முதல் 390 மீட்டர் வரை. அரைத் தானியங்கி ரைஃபிள்கள் பல, 40 கிரெய்ன் (ஏறத்தாழ 2.6 கிராம்) எடையும் உருண்டை மூக்கும் கொண்ட அதிவேகத் தோட்டாவை மனத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்டவை. சத்தம் குறைவாக இருக்கிறதே என்று மெதுவான தோட்டாவை ஊட்டினால் போல்ட் பாதி வழியிலேயே திரும்பிவிடும். அதற்குத் தீர்வாக மென்மையான ஸ்பிரிங்கைப் போடச் சொல்பவர்கள் உண்டு. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மெதுவான தோட்டாவுக்கு ஏற்ப இளக்கிய ஸ்பிரிங்கோடு மறதியாக அதிவேகத் தோட்டாவைச் சுட்டால், போல்ட் மிகுந்த வேகத்தில் பின்னே போய் மோதி, உடம்புச் சட்டத்தையே நாளடைவில் அடித்து நொறுக்கும். உள்ளீடற்ற மூக்குள்ள தோட்டாக்களும் தட்டை மூக்குத் தோட்டாக்களும் சில ரைஃபிள்களில் தடையின்றி ஏறும், சிலவற்றில் முரண்டு பிடிக்கும். முதலில் உருண்டை மூக்கு, அது ஒழுங்காக ஓடிய பிறகு மற்றவை. மூன்று தயாரிப்புகளில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, ஒவ்வொன்றிலும் 50 தோட்டா சுட்டு, எத்தனை எந்த வகையில் சிக்கின என்று எழுதிவையுங்கள்.

மேகசின்களின் அடியில் அழியாத மையால் 1, 2 என்று எண் போட்டுவிட்டுத்தான் அந்தச் சோதனையைத் தொடங்க வேண்டும். கோளாறு ஒரே எண்ணோடு திரும்பத் திரும்ப வந்தால் உங்கள் தேடல் அங்கேயே முடிந்தது. தோட்டாவைப் பிடித்துவைக்கும் மேல் உதடுகள் ஒரு மயிரிழை விரிந்தாலும் வளைந்தாலும் தோட்டா தவறான கோணத்தில் எழும்பும். குறடால் அவற்றை வளைத்துச் சரிசெய்யும் வித்தை எல்லாருக்கும் கைவராது. புதிது வாங்குவதே மலிவு. யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த, தன் பின்கட்டைக்குள்ளேயே முழுத் துப்பாக்கியும் அடங்கிவிடும் ஆர்மலைட் ஏஆர்-7 ரைஃபிளில் தோட்டா ஏறும் சரிவே மேகசினின் ஒரு பகுதி என்பதால், அங்கே மேகசினில் வரும் சிறு நெளிவும் பெரும் தலைவலியாகிவிடும். 1964-இல் வந்த ரூகர் 10/22-இன் சுழல் மேகசின் இவ்வளவு பெயர் பெற்றதற்கும் காரணம் இதுதான்: அதன் பத்துத் தோட்டாக்களும் தனித்தனிப் பள்ளத்தில் அமர்வதால், ஒன்றின் விளிம்பு மற்றொன்றின் விளிம்பில் சிக்குவதில்லை. நீங்கள் கேட்ட 25 தோட்டா மேகசினில் நீண்ட ஸ்பிரிங்கும் வளைந்த பாதையும் விளிம்பு மேல் விளிம்பும் சேர்ந்துவிடுகின்றன. நல்லவை இல்லாமலில்லை, ஆனால் கோளாறைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் சந்தேகத்துக்குரிய புதிய உறுப்பொன்றைச் சேர்ப்பது வேண்டாத வேலை. மேலும், மேகசின் கொள்ளளவுக்கும் குழலின் நீளத்துக்கும் பல நாடுகளில் சட்ட வரம்பு உண்டு. எந்த உறுப்பை வாங்குவதற்கு முன்பும் அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மேகசினுக்குள் எண்ணெய் விடக் கூடாது. உலர்ந்த துணியும் தூரிகையும் போதும்.

துப்புரவைப் பொறுத்தவரை, .22 ரைஃபிள் வைத்திருப்போர் பலர் குழலைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கிவிட்டு, அறையை மறந்துவிடுகிறார்கள். ஈயக் குண்டு ஓடும் குழலுக்கு அவ்வளவு தேய்ப்பு தேவையில்லை. முனைப்பக்கத்திலிருந்து இரும்புக் கம்பியைச் செலுத்தி முனையின் விளிம்பைத் தேய்த்துவிட்டால் துல்லியம்தான் கெடும். பின்பக்கத்திலிருந்து முன்னோக்கி இழுக்கும் கயிற்றுத் துப்புரவான் இதற்குப் போதுமானது. உங்கள் கவனம் அறையின் மேல் இருக்கட்டும். முந்தைய உரிமையாளர் இதே ரைஃபிளில் நீளம் குறைந்த .22 ஷார்ட் தோட்டாக்களை ஒவ்வொன்றாக ஏற்றிச் சுட்டிருந்தால், அறையின் முன்பகுதியில் வளையமாகக் கரி இறுகியிருக்கும். நீண்ட தோட்டாவின் கூடு அந்த வளையத்தில் நெருக்கிப் பிடித்துக்கொண்டு வெளிவர மறுக்கும். கரைப்பானை ஊறவிட்டு, வெண்கலத் தூரிகையைக் கையாலேயே சுழற்றி எடுத்தால் அது பெயர்ந்து வரும். அடுத்து எக்ஸ்ட்ராக்டரின் கொக்கி. அதன் அடியில் மெழுகும் கரியும் கலந்த கறுப்புப் பசை, பல் குத்தும் குச்சியால் நெம்பி எடுக்கும் அளவுக்கு இறுகியிருக்கும். அதை எடுத்த பிறகு கொக்கியின் முனை கூர்மையாக இருக்கிறதா, மழுங்கியிருக்கிறதா என்று விரல் நகத்தால் உரசிப் பாருங்கள். நகம் வழுக்கிப் போனால் மாற்றிவிடுங்கள். பழைய ரைஃபிளில் செய்யக்கூடிய செலவுகளில் இதற்கு ஈடாகப் பலன் தருவது வேறில்லை. போல்ட் உரசும் பக்கங்களில் மட்டும் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கலாம். சுடும் ஊசியின் பள்ளம் உலர்ந்தே இருக்கட்டும்.

கழற்றி மாட்டும் குழல் என்பதால் உங்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. இணைப்பு நெகிழ்ந்திருந்தால் குறி இடம் மாறுவதோடு, கூடு வெளிவருவதிலும் தடுமாற்றம் ஏற்படும். திருகு வளையத்தால் இறுக்கும் வகையாயின், சுடச் சுட அது தளரும். மேகசின் மாற்றும்போதெல்லாம் கையால் ஒரு முறை இறுக்கிப் பாருங்கள். பூட்டி மாட்டும் வகையாயின், இறுக்கத்தைச் சரிசெய்யும் வளையத்தைக் கையேட்டில் சொன்னபடி வைத்து, குழலைப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். அசைவே இருக்கக் கூடாது.

இவையெல்லாம் முடிந்து, துப்புரவு செய்யாமலே தொடர்ந்து 200 தோட்டாக்கள் தடையின்றி ஓடினால், உங்கள் பட்டியலுக்குத் திரும்பலாம். அதிலும் கனமான குழலை அடித்துவிடுங்கள். போட்டிகளுக்கான குழல்களின் அறை இறுக்கமாகக் கடையப்பட்டிருக்கும். மலிவான, அழுக்கான தோட்டாக்களோடு அன்றாடம் பழகுவதற்கு அது ஏற்றதல்ல. நீண்ட குழலால் வேகமும் பெரிதாகக் கூடிவிடாது; .22 தோட்டாவின் சிறிதளவு வெடிமருந்து ஏறத்தாழ 40 செ.மீ. நீளத்துக்குள்ளாகவே தன் வேலையைப் பெரும்பாலும் முடித்துவிடுகிறது. கழற்றிப் பையில் வைப்பதற்காக வாங்கிய ரைஃபிளில் கனமான குழலைப் பொருத்துவது வாங்கிய நோக்கத்துக்கே எதிரானதும்கூட.

விசை இலகுவாவது நல்லதுதான், ஒரு வரம்புக்குள். முழுத் தொகுதியாகவே தயாரிப்பாளர் விற்பதை வாங்கிப் பொருத்துங்கள். உள்ளே சுத்தியலைப் பிடித்துவைத்து, விசையை இழுக்கும்போது விடுவிக்கும் சியர் என்ற துண்டின் முகப்பை வீட்டில் அரம் கொண்டு தேய்க்க வேண்டாம். அங்கே நடக்கும் சிறு பிழை, ரைஃபிள் கீழே விழுந்தாலே வெடிக்கும் நிலைக்குக் கொண்டுவிடும். தோட்டத்தில் நடந்து திரியும்போது தோளில் இருக்கும் ரைஃபிளுக்கு 1.3 கிலோவுக்குக் குறைந்த இழுவிசை தேவையுமில்லை. புதிய விசையைப் பழகப் பார்க்கிறேன் என்று தோட்டா ஏற்றாத ரைஃபிளின் விசையை இழுத்துத் தட்டிப் பார்க்கும் பழக்கமும் ரிம்ஃபயருக்கு ஆகாது. தடுப்பு அமைக்கப்படாத மாதிரிகளில் சுடும் ஊசி நேராக அறையின் விளிம்பில் போய்க் குத்தி அதை நசுக்கிவிடும்; கையேடு அனுமதித்தால் மட்டும் செய்யுங்கள்.

ஸ்கோப் வாங்கும்போது ரிம்ஃபயருக்கென்றே அமைத்ததாகக் கேளுங்கள். பெரிய ரைஃபிள்களுக்கான ஸ்கோப்களில் பாரலாக்ஸ் (கண் நகர்ந்தால் குறியும் நகர்வதாகத் தோன்றும் பிழை) 100 கஜம் அளவுக்குச் சரிசெய்யப்பட்டிருக்கும். ரிம்ஃபயருக்கானவற்றில் 50 கஜம் அளவுக்கு. முயல் நிற்கும் தொலைவில் இந்த வேறுபாடு கண்ணை நகர்த்தும்போதெல்லாம் குறியை நகர்த்தும். 50 மீட்டரில் குறி சரிசெய்த அதிவேகத் தோட்டா 100 மீட்டரில் 15 முதல் 20 செ.மீ. வரை தாழ்ந்துவிடும் என்பதால், பெரிய உருப்பெருக்கத்துக்கும் இங்கே வேலையில்லை. ஸ்கோப்பைப் பின்பகுதிச் சட்டத்தில் பொருத்தினால், குழலைக் கழற்றி மாட்டிய ஒவ்வொரு முறையும் சில தோட்டாக்களைச் சுட்டுக் குறி நகர்ந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். சட்டம் அலுமினியமாயின் திருகுகளை மிதமாகவே இறுக்குங்கள். மரை பிய்ந்துபோனால் சரிசெய்வது கடினம். குழலின் மேலுள்ள இரும்புக் குறிகளைக் கழற்றாமல் விட்டுவைத்தால், ஸ்கோப் பழுதானாலும் ரைஃபிள் பயன்படும்.

பட்டியலில் இல்லாத ஒன்றை நானாகச் சேர்க்கிறேன்: தோள் வார். அன்றாடப் பயன்பாட்டுக்கு அதைவிட உதவும் துணைப்பொருள் இல்லை. கழற்றிய ரைஃபிளை ஈரத்தோடு பையில் போட்டு மறந்துவிடாதீர்கள். பஞ்சு வைத்த பைகள் ஈரத்தைப் பிடித்துவைத்து இரண்டே நாளில் துருவேற்றிவிடும். சுடும்போது கண்ணுக்கும் காதுக்கும் பாதுகாப்பு, சுட்டு முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுதல், இரண்டும் கட்டாயம். குண்டில் மட்டுமல்லாமல் பெரும்பாலான தோட்டாக்களின் பற்றவைக்கும் மருந்திலும் ஈயம் இருக்கிறது. மேலுறையின் பக்கப் பையில் எண் போட்ட இரண்டாவது மேகசின், உதிரி எக்ஸ்ட்ராக்டர், அதன் சிறு ஸ்பிரிங், துப்புரவுக் கயிறு ஆகியவற்றை வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஸ்பிரிங்கைக் கழற்றும்போது கையையும் ரைஃபிளையும் ஓர் ஒளிபுகும் பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக்கொண்டு கழற்றினால், அது தெறித்தாலும் பைக்குள்ளேயே விழும்.