அறைத்தோழியின் நாய் கடித்தால் செலவு யாருடையது?

கேள்வி: வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் நாங்கள் மூன்று பெண்கள் சேர்ந்து குடியிருக்கிறோம். வாடகை ஒப்பந்தத்தில் மூவரும் கையெழுத்திட்டிருக்கிறோம். ஓராண்டுக்கு முன் எங்களில் ஒருத்தி, வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கி, ஒரு நாட்டு நாயைக் கொண்டுவந்தாள். எங்களுக்கும் சம்மதம்தான். பொங்கலுக்கு அவள் ஊருக்குப் போன நான்கு நாளும் நாயை நான் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டேன். இரண்டாம் நாள் அது சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, சிந்திய சோற்றைத் துடைக்கக் குனிந்தேன். வலது கையைக் கவ்விவிட்டது. ஒரு விரலின் தசைநாண் அறுந்து, அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. நான் பிசியோதெரபிஸ்ட். 18 நாள் வேலைக்குப் போக முடியவில்லை, சம்பளமும் இல்லை. எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்தை நெருங்கிவிட்டது. அதே நாய் அவளுடைய தம்பியையும் சாப்பாட்டு நேரத்தில் கடித்திருக்கிறது என்று மூன்றாவது தோழி இப்போதுதான் சொல்கிறாள். நாயின் சொந்தக்காரியோ, “பார்த்துக்கொள்கிறேன் என்றது நீ, தட்டுப் பக்கம் கை வைத்ததும் நீ, நான் ஏன் பணம் தர வேண்டும்?” என்கிறாள். ஒரு பல் தடத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் வாங்கலாம் என்கிறார்கள் உடன் வேலை செய்பவர்கள். நாயை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாம் என்கிறாள் மூன்றாமவள். போலீசில் புகார் கொடுக்கலாமா? பணம் வரும்வரை என் பங்கு வாடகையை நிறுத்திவைக்கலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, ரேபிஸ் தடுப்பூசியின் எல்லாத் தவணைகளையும் போட்டு முடித்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அறுவை சிகிச்சையின் அலைச்சலில் கடைசித் தவணையை மறந்துவிடுகிறவர்கள் உண்டு. நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறது என்ற சமாதானத்தை நம்பி, மருத்துவர் சொல்லாமல் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். அரசு மருத்துவமனையில் இந்த ஊசி இலவசம்தான்.

இனி பணத்துக்கு வருகிறேன். உங்கள் செலவின் பெரும்பகுதியை நாயின் சொந்தக்காரர் ஏற்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் அது ஒரு கேள்விக்கான பதிலைப் பொறுத்தது. சாப்பாட்டு நேரத்தில் அந்த நாய் கடிக்கும் என்பது அவருக்கு முன்பே தெரியுமா? தெரிந்திருந்தும் உங்களிடம் சொல்லாமல் விட்டாரா?

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தை வியாபாரிகளுக்கான சட்டம் என்றே பலரும் நினைக்கிறார்கள். ஒருவர் தம் பொருளை இன்னொருவரிடம் ஒரு காரியத்துக்காக ஒப்படைத்துத் திரும்ப வாங்கிக்கொள்வது பற்றிய விதிகளும் அதில் இருக்கின்றன. நம் சட்டத்தின் பார்வையில் வளர்ப்பு விலங்கும் ஓர் அசையும் சொத்துதான். அந்த விதிகளில் 150-ஆம் பிரிவு உங்களுக்கு மிக முக்கியமானது. ஒப்படைக்கப்படும் பொருளில் ஒரு குறை இருந்து, அது வாங்கிக்கொள்கிறவரை வழக்கத்துக்கு மீறிய ஆபத்தில் தள்ளக்கூடியதாக இருந்தால், அதை அறிந்தவர் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். சொல்லாமல் கொடுத்தால், அந்தக் குறையால் நேரடியாக ஏற்படும் பாதிப்புக்கு அவரே பொறுப்பு. பிரிவின் கீழே சட்டமே ஓர் உதாரணத்தையும் தருகிறது. தம் குதிரை முரட்டுக் குதிரை என்று தெரிந்த ஒருவர், அதைச் சொல்லாமல் மற்றொருவருக்கு இரவல் கொடுக்கிறார். குதிரை தறிகெட்டு ஓடுகிறது. ஏறியவர் விழுந்து அடிபடுகிறார். இரவல் கொடுத்தவர்தான் ஈடு செய்ய வேண்டும்.

அந்த உதாரணத்தில் வாடகையோ கூலியோ இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆகவே, ‘தோழிகளுக்குள் என்ன கணக்கு’ என்று சொல்லித் தப்பிவிட முடியாது. ஓட்டுவதற்கு இரவல் கொடுப்பதும் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒப்படைப்பதும் ஒன்றா, உங்களுக்குள் ஒப்பந்தம் என்று ஒன்று இருந்ததா என்றெல்லாம் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பார். கேட்கட்டும். அந்த நான்கு நாளும் நீங்கள் செய்தது முழுக்க அவருக்கான உதவி. தன் பொருட்டுச் சிரமப்பட வந்தவரை எச்சரிக்கும் கடமை, இரவல் கேட்டு வந்தவரை எச்சரிக்கும் கடமையைவிடக் குறைந்ததாக இருக்க முடியாது.

ஒப்பந்தச் சட்டம் கைகொடுக்காமல் போனாலும் வேறொரு வழி உண்டு. பிறருக்கு இழைக்கும் தீங்குக்கு இழப்பீடு தருவது பற்றி இந்தியாவில் தனியாகத் தொகுக்கப்பட்ட சட்டம் இல்லை. ஆங்கிலேயர் காலத்துப் பொதுச் சட்ட நெறிகளையே நீதிமன்றங்கள் பின்பற்றி வருகின்றன. புலி, கரடி போன்ற காட்டு விலங்கை வைத்திருப்பவர் எப்போதும் பொறுப்பாளி. நாய், மாடு போன்றவற்றில், அந்தக் குறிப்பிட்ட விலங்கின் கெட்ட சுபாவம் வைத்திருப்பவருக்கு முன்பே தெரிந்திருந்தால், அவர் கவனக்குறைவாக நடந்தார் என்று தனியாக நிரூபிக்கத் தேவையில்லை. தெரியாதிருந்தால்தான் கவனக்குறைவை நீங்கள் நிரூபிக்க வேண்டும். எந்த வழியில் போனாலும் ‘தெரியுமா, தெரியாதா’ என்பதிலேயே வந்து நிற்கிறோம். தம்பியைக் கடித்த சம்பவம்தான் உங்கள் வழக்கின் உயிர்.

அதனால் இன்றே உங்கள் கைப்பேசியை எடுத்து, பொங்கலுக்கு முந்தைய உரையாடல்களை ஒன்றுவிடாமல் படியுங்கள். “சாப்பிடும்போது பக்கத்தில் போகாதே” என்று அவர் எங்காவது ஒரு வரி எழுதியிருக்கிறாரா? குரல் பதிவில் சொல்லியிருக்கிறாரா? இருந்தால் நான் மேலே சொன்னவை பெருமளவு வலுவிழந்துவிடும். அப்படி இருந்தால் அதை உங்களுக்கு நீங்களே மறைத்துக்கொள்ளாதீர்கள். இல்லையென்றால் அந்த உரையாடல்களை அழிக்காமல் வையுங்கள். மின்னணுப் பதிவின் நகலைச் சாட்சியமாகத் தாக்கல் செய்ய, 2023-ஆம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அதை உங்கள் வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். மூன்றாவது தோழியிடம், தம்பியைக் கடித்தது எப்போது, அதை அவர் எப்படி அறிந்தார் என்று கேட்டு, அவருடைய வார்த்தைகளிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாளை மனம் மாறலாம். நாய்க்கு மாநகராட்சி உரிமம் எடுத்திருந்தால் அது யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். ‘அது எங்கள் மூவரின் நாய்’ என்று நாயின் சொந்தக்காரர் பின்னால் சொல்ல வாய்ப்பிருக்கிறது.

தோழியின் பேச்சில் உண்மையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு, ஆபத்தைத் தடுக்கப் போதிய ஏற்பாடு செய்யாத குற்றத்தை விலங்கு யார் ‘வசம்’ இருக்கிறதோ அவர் மேல்தான் சுமத்துகிறது. சொந்தக்காரர் மேல் மட்டும் அல்ல. அந்த நான்கு நாளில் அது உணவு கொண்டுவந்த பையனைக் கடித்திருந்தால், போலீஸ் முதலில் உங்களைத்தான் கேட்டிருக்கும். அடுத்த முறை யாருடைய நாயையும் பொறுப்பேற்கும் முன் இதை நினைவில் வையுங்கள். ஆனால் அது வெளியாரைக் காக்கும் விதி. தெரிந்ததை உங்களிடம் சொல்லாமல் போனவருக்கு அது கேடயம் ஆகாது. வீட்டில் நாய் இருப்பதற்குச் சம்மதித்தது, மறைக்கப்பட்ட ஆபத்துக்குச் சம்மதித்ததும் ஆகாது. இருந்தாலும், சாப்பிடும் நாயின் அருகே கை போனதில் உங்கள் பங்கும் கொஞ்சம் உண்டு என்று நீதிபதி கருதினால் இழப்பீட்டில் ஒரு பகுதியைக் குறைப்பார். சமாதானம் பேசும்போது ஒரு தொகையை விட்டுக்கொடுக்கத் தயாராக இருங்கள்.

பல் தடத்துக்குப் பத்தாயிரம் என்ற கதை 2023-இல் பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பிலிருந்து வந்தது. அது தெருவில் திரியும் விலங்குகளால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அந்த மாநிலங்களின் அரசு தர வேண்டிய இழப்பீடு. சென்னையில், வீட்டு நாய் விஷயத்தில், தோழியிடம் அந்தக் கணக்கைக் காட்ட முடியாது. உங்கள் கணக்கு மருத்துவ ரசீதுகள், சம்பள இழப்புக்கான நிறுவனக் கடிதம், விரலின் இயக்கம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்ற மருத்துவச் சான்று ஆகியவைதான். கையால் பிழைக்கிற உங்களுக்குக் கடைசியில் சொன்னது ரசீதுகளைவிட முக்கியமானது.

போலீசுக்குப் போக உங்களுக்கு உரிமை உண்டு. 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பூங்காவில் ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறியபோது அவற்றின் உரிமையாளர் கைதானதைப் படித்திருப்பீர்கள். 15 நாள் அன்றாட வேலை செய்ய முடியாமல் போனாலே அது ‘கொடுங்காயம்’ என்கிறது அதே நியாய சன்ஹிதா. நீங்கள் 18 நாள் முடங்கியிருந்தீர்கள். ஆனாலும் முதல் அடியாக அதை எடுத்துவைக்க வேண்டாம் என்பேன். 291-ஆம் பிரிவில் அதிகபட்சம் ஆறு மாதச் சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். அபராதம் பொதுவாக அரசுக்குத்தான் போகும். வழக்குப் பதிவான பிறகு நீங்கள் இருவரும் சமாதானமானாலும் நீங்களாகத் திரும்பப் பெற முடியாது. அதை ரத்து செய்ய உயர் நீதிமன்றம் போக வேண்டியிருக்கும். அதுவரை ஒரே சமையலறையில் எப்படிப் புழங்குவீர்கள்?

முதலில், கோரும் தொகையையும் காரணத்தையும் எழுதி, ரசீதுகளின் நகலோடு மின்னஞ்சலில் அவருக்கு அனுப்புங்கள். திட்டாமல் எழுதுங்கள், அந்தக் கடிதத்தை நாளை நீதிபதியும் படிக்கலாம். பதில் இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டாலே வழி சொல்வார்கள். வழக்குப் போடுவதற்கு முன்பே விஷயத்தை மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பக் கேட்கலாம். கட்டணம் இல்லை. அங்கே இருவரும் ஒப்புக்கொண்டு வழங்கப்படும் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. தவணையில் தருவதாக அவர் ஒப்புக்கொண்டாலும் அதையும் அங்கே பதிவு செய்யலாம். ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை.

நாயை எங்காவது கொண்டுபோய் விடுவதற்கு மட்டும் உடன்படாதீர்கள். பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். தட்டைக் காத்துக்கொள்ளும் நாய்கள் ஏராளம். தனியறையில் சோறு வைத்து, தின்று முடித்து அது வெளியே வந்த பிறகு தட்டை எடுத்தால் இந்த ஆபத்து பெரிதும் குறையும். அதைச் சொந்தக்காரர் தாமே செய்ய வேண்டும் என்பதையும் சமாதான நிபந்தனைகளில் எழுதிக்கொள்ளுங்கள்.

வாடகையை நிறுத்தாதீர்கள். மூவரும் சேர்ந்து கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், ஒப்பந்தச் சட்டத்தின் 43-ஆம் பிரிவின்படி, வீட்டுக்காரர் முழு வாடகையையும் மூவரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். உங்கள் பங்கு நின்றால், இந்தத் தகராறில் சம்பந்தமில்லாத மூன்றாவது தோழியும் மாட்டிக்கொள்வார். உங்களுக்குச் சாட்சி சொல்ல வேண்டியவரும் அவரே. பங்கை வங்கி வழியாக உரிய தேதியில் கட்டிவிடுங்கள், இழப்பீட்டுக் கணக்கு தனியாக நடக்கட்டும்.