மின்விளக்கைக் கண்டுபிடித்தவர் யார்?

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்தும் ஆசிரியை. 'புகழ்பெற்ற கண்டுபிடிப்பாளர்களும் அவர்களுடைய கண்டுபிடிப்புகளும்' என்ற தலைப்பில் பன்னிரண்டு பெயர்கள் அடங்கிய அட்டவணை ஒன்றைச் சென்ற வாரம் கரும்பலகையில் எழுதினேன். இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் பொருள். கோடிட்டுப் பொருத்த வேண்டும். எடிசனையும் மின்விளக்கையும் பொருத்திக் காட்டியவுடன் ஒரு மாணவன் எழுந்து, "எடிசன் அதைக் கண்டுபிடிக்கவில்லை, இன்னொருவரிடமிருந்து திருடிக்கொண்டார் என்று ஒரு காணொளியில் சொன்னார்களே" என்றான். வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. அது அடங்குவதற்குள் ஒரு மாணவி, இந்தப் பட்டியலில் ஒரு பெண்ணின் பெயர்கூட ஏன் இல்லை என்று கேட்டாள். வழக்கமாக வாயே திறக்காத ஒரு பையன் கடைசியில், "எல்லாவற்றையும் இவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள் என்றால் எங்களுக்கு என்ன மிச்சம் இருக்கிறது?" என்றான். மூவருக்கும் என்னால் சரியாகப் பதில் சொல்ல இயலவில்லை.

நடந்ததையெல்லாம் முழுமையாகச் சொன்னால் பத்து வயதுப் பிள்ளைகள் குழம்பிவிடுவார்களோ, வியந்து பார்ப்பதற்கு அவர்களுக்கு ஒருவரும் இல்லாமல் போய்விடுவார்களோ என்று அஞ்சுகிறேன். தேர்விலோ பெயர்களைத்தான் கேட்கிறார்கள். இந்தப் பாடத்தை எப்படி நடத்துவது என்று சொல்ல வேண்டுகிறேன்.

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

வணக்கம். ஒரே பாடவேளையில் இப்படிப்பட்ட மூன்று கேள்விகள் எழுந்திருக்கின்றன என்றால், உங்கள் மாணவர்கள் உங்கள்முன் அச்சமின்றிப் பேசுகிறார்கள் என்று பொருள். அதற்காக முதலில் உங்களைப் பாராட்டுகிறேன். எடிசனைப் பற்றிய கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டு கேள்விகளுக்குமான வழியும் அதற்குள்ளேயே இருக்கிறது.

எடிசன் திருடவில்லை. மின்விளக்கை முதன்முதலில் ஒளிரச் செய்தவரும் அவரல்லர். மின்சாரத்தைக் கொண்டு ஒளி உண்டாக்கலாம் என்பதை ஹம்ப்ரி டேவி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காட்டிவிட்டார். ஆனாலும் வீட்டில் வைக்கத்தக்க ஒரு விளக்கு உருவாக மேலும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஏன் அவ்வளவு காலம் ஆயிற்று என்பதுதான் பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய கேள்வி. மெல்லிய கரியிழை ஒன்றில் மின்னோட்டம் பாய்ந்தால் அது சூடேறி ஒளிர்கிறது. சுற்றிலும் காற்று இருந்தால் அதிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து விரைவிலேயே எரிந்துபோகிறது. ஆகவே கண்ணாடிக் குமிழுக்குள் இருக்கும் காற்றை ஏறத்தாழ முழுவதுமாக வெளியேற்ற வேண்டும். இங்கிலாந்தில் ஜோசப் ஸ்வான் 1850களிலேயே கரியாக்கிய காகிதத்தைக் கொண்டு முயன்றார். அந்த அளவுக்குக் காற்றை நீக்கும் கருவி அப்போது இல்லாததால் அவரால் மேலே செல்ல முடியவில்லை. ஹெர்மன் ஸ்பிரெங்கல் 1865இல் பாதரச பம்பு ஒன்றை உருவாக்கிய பிறகே அந்தத் தடை நீங்கியது. ஸ்வான் மீண்டும் அதே வேலையைக் கையில் எடுத்து, 1879 பிப்ரவரியில் நியூகாசில் நகரில் தம் விளக்கைப் பலர் முன்னிலையில் எரித்துக் காட்டினார். அதே ஆண்டு அக்டோபரில்தான் அமெரிக்காவின் மென்லோ பார்க்கில் இருந்த எடிசனின் ஆய்வுக்கூடத்தில் கரியாக்கிய பருத்தி நூலிழை பல மணிநேரம் தொடர்ந்து எரிந்தது.

அப்படியானால் எடிசனின் பங்கு என்ன? அவர் விளக்கைத் தனிப்பொருளாகப் பார்க்கவில்லை. ஒரு தெரு முழுவதும் விளக்கெரிய வேண்டுமானால் எவ்வளவு தடிமனான செம்புக் கம்பி தேவைப்படும், அதற்கு ஆகும் செலவு என்ன என்று கணக்கிட்டார். மின்தடை மிகுந்த மெல்லிய இழையைப் பயன்படுத்தினால் குறைந்த மின்னோட்டமே போதும், கம்பியும் மெலிதாக இருக்கலாம் என்ற முடிவுக்கு அந்தக் கணக்குதான் அவரைக் கொண்டுசென்றது. மின்னாக்கி, நிலத்தடிக் கம்பிகள், மின்சாரத்தை அளக்கும் மானி ஆகிய அனைத்தையும் சேர்த்து அமைத்து, 1882இல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் மின்நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்த பெற்றோருக்குப் பிறந்த லூயிஸ் லாட்டிமர், கரியிழைகளை மேலும் செம்மையாகச் செய்யும் முறைக்கு அதே 1882இல் காப்புரிமை பெற்றார். ஸ்வானும் எடிசனும் பிரிட்டனில் வழக்காடிக்கொண்டே இருக்காமல் 1883இல் கூட்டாக ஒரு நிறுவனத்தை நடத்தத் தொடங்கினார்கள். உங்கள் மாணவன் காணொளியில் கேட்ட 'திருட்டு' என்ற சொல் இவ்வளவையும் விழுங்கிவிடுகிறது. 'எடிசன் – மின்விளக்கு' என்று நாம் இழுக்கும் ஒற்றைக் கோடும் அதையே செய்கிறது. அந்த மாணவனிடம், "நீ கேட்டது சரியான கேள்வி, உனக்குச் சொல்லப்பட்ட பதில்தான் பாதி" என்று வகுப்பறையிலேயே, எல்லாரும் கேட்கும்படி சொல்லுங்கள்.

இந்தக் குழப்பத்தில் நம் மொழிவழக்குக்கும் ஒரு பங்கு இருப்பதாக நினைக்கிறேன். தொலைந்த சாவியைக் கண்டுபிடிக்கிறோம், ஒளிந்து விளையாடும் தம்பியைக் கண்டுபிடிக்கிறோம், வில்லியம் ஹெர்ஷல் 1781இல் யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்தார் என்கிறோம், எடிசன் விளக்கைக் கண்டுபிடித்தார் என்றும் சொல்கிறோம். கோள் முன்பே வானில் இருந்தது. விளக்கு எங்கும் இருக்கவில்லை. ஒரே சொல்லை இரண்டுக்கும் பயன்படுத்துவதால், விளக்கும் எங்கோ மறைந்து கிடந்தது, நல்ல கண் உள்ள ஒருவர் ஒருநாள் அதை எடுத்துக்கொண்டார் என்ற எண்ணம் குழந்தையின் மனத்தில் படிந்துவிடுகிறது. இல்லாததை ஆக்குவதற்குப் 'புதுப்புனைவு' என்ற அழகான சொல் நம்மிடம் உண்டு. அதை வகுப்பில் பழக்குங்கள். உங்கள் அட்டவணையை, இருந்ததைக் கண்டவை, இல்லாததைப் புனைந்தவை என இரண்டாகப் பிரிக்கும்படி பிள்ளைகளிடமே கொடுங்கள். பெனிசிலின் வரும்போது அவர்கள் தடுமாறுவார்கள். அந்தத் தடுமாற்றம் வரட்டும். பூஞ்சை ஒன்று தன்னைச் சுற்றியிருந்த நுண்ணுயிரிகளை அழித்திருப்பதை 1928இல் அலெக்சாண்டர் பிளெமிங் கண்டார். ஆனால் அது மருந்தாவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஆக்ஸ்போர்டில் ஹோவர்ட் புளோரி, எர்ன்ஸ்ட் செயின், நார்மன் ஹீட்லி ஆகியோர் அதைப் பிரித்தெடுத்து, 1940இல் எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தனர். பூஞ்சையை வளர்க்கத் தகுந்த கலங்கள் போதாமல் மருத்துவமனையின் மலத்தட்டுகளைக்கூடப் பயன்படுத்தினார்கள் என்று சொன்னால் உங்கள் வகுப்பு அதை ஒருநாளும் மறக்காது. 1945இல் நோபல் பரிசு பிளெமிங், புளோரி, செயின் மூவருக்கும் கிடைத்தது. பிரித்தெடுக்கும் முறையை வகுத்த ஹீட்லிக்குக் கிடைக்கவில்லை.

இனி, பாடத்தை எங்கிருந்து தொடங்குவது என்பதைப் பற்றிச் சொல்கிறேன். பெயரையும் பொருளையும் சொல்லுமுன், அந்த மனிதருக்கு எதிரே நின்ற சிக்கலைப் பிள்ளைகள் முன் வையுங்கள். உங்கள் வகுப்புக்கு நான் முதலில் தேர்ந்தெடுப்பது லூயி பிரெயிலைத்தான். 1809இல் பிரான்சில் பிறந்த அவர், மூன்று வயதில் தந்தையின் தோல்பட்டறையில் கூர்மையான கருவியொன்று கண்ணில் குத்தியதால் காயமுற்று, தொற்றுப் பரவி இரண்டு கண்களிலும் பார்வையை இழந்தார். பத்து வயதில், அதாவது உங்கள் மாணவர்களின் வயதில், பாரிசில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான பள்ளியில் சேர்ந்தார். அங்கிருந்த நூல்களில் வழக்கமான எழுத்துகளையே பெரிதாக மேடுபடுத்தி அச்சிட்டிருந்தார்கள். ஒவ்வோர் எழுத்தின் வளைவையும் விரலால் சுற்றிச் சுற்றித் தடவித்தான் வாசிக்க வேண்டும். சார்ல் பார்பியே என்பவர் புடைப்புப் புள்ளிகளால் எழுதும் முறை ஒன்றை வகுத்து அந்தப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். அதில் ஒரு கட்டத்துக்குப் பன்னிரண்டு புள்ளிகள். அவை எழுத்துகளைக் குறிக்காமல் ஒலிகளைக் குறித்ததால் சொற்களைப் பிழையின்றி எழுத்துக்கூட்ட வழியில்லை. விரல்நுனிக்குள் ஒரு கட்டம் முழுவதும் அடங்கவும் இல்லை.

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளுக்குத் தடித்த காகிதமும் மை தீர்ந்த பேனாவும் கொடுங்கள். பின்பக்கத்திலிருந்து அழுத்தி, இரண்டு வரிசையாகப் பன்னிரண்டு புள்ளிகளை மேடாக்கட்டும். பிறகு கண்களை மூடிக்கொண்டு, விரலை நகர்த்தாமல் எத்தனை புள்ளிகள் என்று எண்ணட்டும். அடுத்து ஆறு புள்ளிகளைத் தொட்டுப் பார்க்கட்டும். பிரெயில் ஏன் ஆறில் வந்து நின்றார் என்பதை நீங்கள் சொல்லவே வேண்டியதில்லை, விரலே சொல்லிவிடும். ஆறு புள்ளிகளைக் கொண்டு 63 வடிவங்கள் அமைக்கலாம் என்பதைச் சற்று வளர்ந்த பிள்ளைகள் தாமே கணக்கிட்டு அறியலாம். அவர் இந்த முறையின் அடிப்படையை வகுத்து முடித்தபோது வயது பதினைந்து. அவர் 1852இல் மறைந்தார். அவர் படித்த, பின்பு ஆசிரியராகவும் பணியாற்றிய அதே பள்ளி 1854இல்தான் அதை முறைப்படி ஏற்றுக்கொண்டது. எனக்கு இந்தக் கதையில் இன்றும் நெஞ்சை அழுத்தும் பகுதி அந்த இரண்டு ஆண்டுகள்தாம்.

ஜேம்ஸ் வாட் சிறுவயதில் கொதிக்கும் கெண்டியின் மூடி துள்ளுவதைப் பார்த்து நீராவி எந்திரத்தைக் கண்டுபிடித்தார் என்ற கதையை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். வாட் பிறப்பதற்கு முன்பே, 1712இலேயே, தாமஸ் நியூகோமனின் நீராவி எந்திரம் சுரங்கத்திலிருந்து நீர் இறைக்கத் தொடங்கிவிட்டது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்துவந்த வாட்டிடம் அதன் சிறு மாதிரியொன்று பழுதுபார்க்க வந்தது. நீராவி தங்குவதற்கு உருளை சூடாக இருக்க வேண்டும். அதே நீராவி குளிர்ந்து சுருங்குவதற்கு அதே உருளை குளிர வேண்டும். ஆகவே ஒவ்வொரு முறையும் உருளையை மீண்டும் சூடாக்குவதிலேயே நீராவியின் பெரும்பகுதி வீணாயிற்று. நீராவியைக் குளிர்விக்கத் தனியே ஒரு கலம் வைக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு 1765இல் தோன்றியது. அந்த எந்திரம் தொழிலிடங்களில் ஓடத் தொடங்கியது 1776இல். இடைப்பட்ட பதினோரு ஆண்டுகளில் வாட்டைத் தடுத்தவற்றுள் ஒன்று, உருளையைத் துல்லியமாகக் கடைந்தெடுக்க ஆளில்லாமை. பீரங்கிக் குழாய்களைத் துளைப்பதற்கு ஜான் வில்கின்சன் 1774இல் அமைத்த எந்திரமே அந்தக் குறையைத் தீர்த்தது. கெண்டிக் கதை வாட்டைப் புகழ்வதுபோலத் தோன்றினாலும் அவர் பாடுபட்டுச் சிந்தித்ததையெல்லாம் அவரிடமிருந்து பறித்துவிடுகிறது.

வியந்து பார்க்க ஆளில்லாமல் போய்விடுமோ என்ற உங்கள் அச்சத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ரைட் சகோதரர்களை 'தோல்வியைக் கண்டு துவளாதவர்கள்' என்று மட்டும் சொன்னால் அது யாருக்கும் பொருந்தும் வெற்றுப் புகழ்ச்சி. 1901இல் அவர்களுடைய எந்திரமில்லாத மிதவைவானூர்தி, கணக்கிட்டதைவிட மிகக் குறைந்த தூக்குவிசையையே பெற்றது. அதே ஊர்தியை அவர்கள் பிடிவாதமாக மீண்டும் மீண்டும் பறக்கவிட்டுக்கொண்டிருக்கவில்லை. தூக்குவிசையைக் கணக்கிடத் தாங்கள் நம்பிய அட்டவணைகளையே சந்தேகித்தார்கள். ஆறடி நீள மரப்பெட்டி ஒன்றைக் காற்றுச் சுரங்கமாக அமைத்து, ஏறத்தாழ இருநூறு இறக்கை வடிவங்களைத் தாங்களே அளந்து பார்த்தார்கள். 1903 டிசம்பர் 17இல் எந்திரம் பூட்டிய ஊர்தியில் நிகழ்ந்த முதல் பறத்தல் 12 விநாடி, 120 அடி. உங்கள் விளையாட்டுத் திடலில் அந்தத் தொலைவை அளந்து பிள்ளைகளை ஓடச் சொல்லுங்கள். பலர் அந்த ஊர்தியை முந்திவிடுவார்கள். அன்றே நான்காம் முறை பறந்தபோது 59 விநாடியில் 852 அடி கடந்தார்கள் என்பதையும் அதன்பின் சொல்லுங்கள். அந்த வியப்பு எளிதில் கலையாது.

பெண்களின் பெயர் ஏன் இல்லை என்று கேட்ட மாணவிக்கு உண்மையான காரணத்தையே சொல்ல வேண்டும். பல்கலைக்கழகக் கதவுகள் நெடுங்காலம் பெண்களுக்கு மூடியிருந்தன. பல நாடுகளில் 19ஆம் நூற்றாண்டு வரை மணமான பெண்ணின் சம்பாத்தியம் சட்டப்படி கணவனுக்கே உரியதாக இருந்தது. அப்படியிருந்தும் செய்தவர்கள் இருக்கிறார்கள். பாத்திரம் கழுவும் எந்திரத்துக்கு ஜோசபின் காக்ரேன் 1886இல் காப்புரிமை பெற்றார். குண்டு துளைக்காத உடுப்புகளில் பயன்படும் கெவ்லர் இழைக்கு வழிகோலிய ஸ்டெபனி குவோலெக், 1965இல், வேறு யாராக இருந்தாலும் கெட்டுப்போனது என்று கொட்டியிருக்கக்கூடிய கலங்கலான ஒரு கரைசலை இழையாக நூற்றுப் பார்த்தார். இவர்களைப் 'பெண் கண்டுபிடிப்பாளர்கள்' என்ற தனிக்கட்டத்தில் வைக்காமல், எடிசனும் வாட்டும் இருக்கும் அதே அட்டவணையில் சேருங்கள்.

மிச்சம் என்ன இருக்கிறது என்று கேட்ட பையனுக்கு மேரி ஆண்டர்சனின் கதையைச் சொல்லுங்கள். நியூயார்க்கில் பனி பெய்துகொண்டிருந்த ஒரு நாளில் டிராம் வண்டியில் சென்ற அவர், ஓட்டுநர் எதிர்க்கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்க்க முடியாமல் திண்டாடியதைக் கவனித்தார். வண்டிக்குள்ளிருந்தே ஒரு நெம்புகோலை அசைத்து வெளிக்கண்ணாடியைத் துடைக்கும் அமைப்பை வரைந்து, 1903இல் காப்புரிமை பெற்றார். அதனால் அவருக்குப் பணம் எதுவும் கிடைக்கவில்லை என்பதையும் மறைக்க வேண்டாம். அந்த டிராமில் வந்த மற்றவர்களும் அதே பனியை, அதே ஓட்டுநரைப் பார்த்தவர்கள்தாம். பனிக்காலம் என்றால் அப்படித்தான் என்று அவர்கள் இருந்துவிட்டார்கள். எனவே அந்தப் பையனிடம் ஒரு சிறிய குறிப்பேட்டைக் கொடுத்து, ஒரு வாரத்துக்குள் தன்னைச் சுற்றியிருப்பவர்கள் 'இது இப்படித்தான்' என்று சகித்துக்கொண்டு செய்யும் வேலைகளையெல்லாம் எழுதிவரச் சொல்லுங்கள்.

தேர்வைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. சிக்கலை அறிந்த குழந்தை பெயரை மறப்பதில்லை; ஆறு புள்ளிகளை விரலால் தொட்டவர்களுக்குப் பிரெயிலின் பெயரை மனப்பாடம் செய்யும் தேவை இராது. பன்னிரண்டு பெயர்களையும் இவ்வாறு நடத்த நேரம் போதாது என்பது எனக்குத் தெரியும். நான்கை மட்டும் எடுத்துக்கொண்டு விரிவாக நடத்துங்கள். மற்ற எட்டும் அட்டவணையிலேயே இருக்கட்டும். அந்தப் பையன் தன் குறிப்பேட்டை ஒப்படைத்ததும், அதில் என்னென்ன இருந்தன என்று எனக்கு அவசியம் எழுதுங்கள்.

அன்புடன்.