மணல் ஓடையில் பார்த்த வெளிர்மஞ்சள் பூ மென்ட்ஸீலியாவா, கோஸ்ட் ஃபிளவரா?

கலிஃபோர்னியாவின் அன்ஸா-பொரேகோ பூங்காவில், காய்ந்த ஓடை மணலில் பார்த்த பூவுக்கு, படத்தைப் பார்த்துச் செடியின் பெயர் சொல்லும் செயலி மாற்றி மாற்றி இந்த இரண்டு பெயரையும் சொல்கிறது என்கிறீர்கள். செயலியைக் குறை சொல்ல மாட்டேன். நீங்கள் நின்றபடியே மேலிருந்து படம் எடுத்திருப்பீர்கள். அந்தக் கோணத்தில் இரண்டும் ஒன்றுதான்.

போன மார்ச்சில் சான் டியேகோவிலிருந்து நண்பர்களோடு அங்கே போயிருந்தேன். கூட வந்த பெரியவர் ஒருவர், "எல்லாம் ஒண்ணுதான் தம்பி, இது கொஞ்சம் வெளுத்திருக்கு, அவ்வளவுதான்" என்று எல்லோருக்கும் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். "அண்ணே, ஒரு நிமிஷம் குனிஞ்சு உள்ளே பாருங்க" என்றேன். முணகிக்கொண்டே முட்டி போட்டார். ஒரு பூவில் மகரந்தத் தாள்கள் கொத்தாக நின்றன: மென்ட்ஸீலியா இன்வொலுக்ராட்டா. பக்கத்துச் செடியின் பூவில் இரண்டே இரண்டு தாள்கள், இதழின் உள்பக்கம் கருஞ்சிவப்புப் புள்ளிகள், கீழிதழில் ஒரு திட்டு: மொஹாவியா கன்ஃபர்டிஃப்ளோரா, அதாவது கோஸ்ட் ஃபிளவர். அப்புறம் மனுஷன் எழுந்திருக்கவே இல்லை, படமாக எடுத்துத் தள்ளினார்.

இரண்டும் உறவே இல்லாத குடும்பம். மென்ட்ஸீலியாவைத் தேடிவரும் தேனீயைக் கோஸ்ட் ஃபிளவர், தன்னிடம் தேன் இல்லாமலேயே, அதே தோற்றத்தைக் காட்டி இழுக்கிறது. அந்தத் திட்டு பெண் தேனீ போலத் தெரிவதால் ஆண் தேனீ ஏமாந்து உள்ளே நுழைகிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

தாவரவியல் படித்தவர்கள் சண்டைக்கு வருமுன் இதையும் சொல்லிவிடுகிறேன்: மென்ட்ஸீலியா பூவுக்கு அடியில் பச்சை ஓரம் வைத்த வெள்ளைப் பூவடிச் செதில்கள் இருக்கும், இலை சொரசொரவென்று துணியில் ஒட்டும். நான் நிபுணன் இல்லை, பார்த்துப் பழகியவன்.

இந்த மாதிரி ஒரே பருவத்தில் முளைத்துப் பூத்து முடிகிற பாலைவனச் செடிகளைத்தான் என் வீட்டு முன்னால் விதைத்தேன். குடியிருப்புச் சங்கத்திலிருந்து 'களையை அகற்றவும்' என்று கடிதம். தண்ணீர் குடிக்கும் புல்தரை அவர்களுக்கு அழகு, இந்த மண்ணிலேயே பிறந்தது களை! கேட்டால் விதிமுறையாம்.

சரி, உங்கள் பூவுக்கு வருவோம். பறித்துக்கொண்டு வராதீர்கள், மாநிலப் பூங்காவில் அதற்கு அனுமதி இல்லை. மறுபடி போனால் பூவின் உள்பக்கம் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.