அப்பா வேடக்காரர் மட்டுமா பூர்ணம்?

கேள்வி: பூர்ணம் விஸ்வநாதன் சினிமாவில் அப்பா, மாமனார் என்று வந்துபோன துணை நடிகர்தானே? ரேடியோவில் செய்தி வாசித்தவரை இன்னும் ஏன் தூக்கிவைத்துப் பேசுகிறீர்கள்? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: அந்தத் 'தானே'தான் என்னை வருத்துகிறது. அவரைச் சினிமாவை மட்டும் வைத்து அளந்துவிட்டீர்கள்.

1947 ஆகஸ்ட் 15 அன்று நாடு விடுதலை பெற்ற செய்தியை டில்லி வானொலியில் தமிழில் வாசித்தவர் அவர். அந்தக் காலத்தில் டில்லியில் தமிழ்ச் செய்தி வாசிப்பவருக்குக் குரல் மட்டும் போதாது. ஆங்கிலத்தில் வரும் செய்தியைத் தமிழாக்க வேண்டும், அதுவும் காதில் விழுந்தவுடனே புரிகிற தமிழாக. எங்கே நிறுத்துவது, எந்தச் சொல்லில் அழுத்தம் கொடுப்பது என்பதெல்லாம் அங்கே அன்றாடப் பாடம். அவருடைய நடிப்புக்கு அதுதான் அஸ்திவாரம் என்பது என் எண்ணம்.

அப்புறம் மேடை. எழுத்தாளர் சுஜாதா அவருக்காகவே நாடகங்கள் எழுதினார். 'கடவுள் வந்திருந்தார்' நாடகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற சீனிவாசன் வீட்டுக்கு எதிர்காலத்திலிருந்து ஜோ வருகிறான். அவன் சீனிவாசன் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். அவனோடு இவர் பேசப் பேச, மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று வீட்டில் முடிவு கட்டுகிறார்கள். நடிப்பவருக்கு இது பெரிய சோதனை. சொல்கிற ஒரே வசனம் ஜோவுக்குப் பதிலாக இருக்க வேண்டும், வீட்டாருக்கு உளறலாகக் கேட்க வேண்டும். கொஞ்சம் கூட்டினால் கோமாளித்தனம்; குறைத்தால் நாடகமே படுத்துவிடும். நாடகம் முழுக்க அந்தச் சீனிவாசனைத் தாங்கியவர் பூர்ணம்.

சரி, சினிமாவுக்கே வருவோம். 'வறுமையின் நிறம் சிவப்பு' 1980-இல் வந்தபோது அவர் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். அதில் கமலுக்கு அப்பா. 1994-இல் 'மகாநதி'யில் அதே கமலோடு சிறையில் இருக்கும் பஞ்சாபகேசன். கைவிடப்பட்ட ஒரு மனிதனுக்கு நம்பிக்கை சொல்லும் கைதி. அந்த இரண்டு பேரையும் ஒரே தட்டில் வைத்து 'அப்பா வேஷம்' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொலைக்காட்சித் தொடர்களிலும் நடித்தார். 2008-இல் காலமானார்.

'மகாநதி'யின் சிறைக் காட்சிகளை ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். அவர் வெறும் துணை நடிகர்தானா என்று அப்புறம் எனக்கு எழுதுங்கள்.