வெளியிட்ட டேக்கில் மீண்டும் புஷ் செய்யலாமா?

கேள்வி: குபர்நெட்டீஸில் (கன்டெய்னர்களை இயக்கி நிர்வகிக்கும் அமைப்பு) இயங்கும் எங்கள் சேவையின் இமேஜை (நிரலும் அது இயங்கத் தேவையானவையும் அடங்கிய தொகுப்பு) 2.4.0 என்ற டேக்கில் வெளியிட்டோம். மறுநாள் ஒரு பிழையைத் திருத்தி, அதே டேக்கிலேயே மீண்டும் புஷ் செய்தோம் (பதிவேற்றினோம்). இப்போது சில பாடுகளில் (pod: சேவையின் இயங்கும் பிரதி) பழைய பிழை தொடர்கிறது, சிலவற்றில் இல்லை. லேட்டஸ்ட் டேக்குக்கு மாறினால் சரியாகுமா?

பதில்: மாற வேண்டாம். டேக் என்பது ரெஜிஸ்ட்ரியில் (இமேஜ்களைச் சேமிக்கும் கிடங்கு) உள்ள ஒரு மேனிஃபெஸ்ட்டை (இமேஜின் உள்ளடக்கப் பட்டியல்) சுட்டும் பெயர் மட்டுமே. அதே பெயரில் வேறோர் இமேஜைப் புஷ் செய்தால், தடை எதுவும் அமைக்கப்படாத ரெஜிஸ்ட்ரி அந்தப் பெயரைப் புதிய இமேஜுக்கு மாற்றிவிடும். குபர்நெட்டீஸோ, இமேஜை இழுக்கும் (பதிவிறக்கும்) விதியை நீங்கள் குறிப்பிடாதபோது, 2.4.0 போன்ற டேக்குகளுக்கு 'நோடில் (பாடுகள் இயங்கும் கணினியில்) இல்லையென்றால் மட்டும் இழு' என்பதையே இயல்பாகக் கொள்ளும். ஆகவே முதல் நாளே 2.4.0-ஐ இழுத்து வைத்திருந்த நோடுகள் பழையதையே இயக்குகின்றன. பிறகு முதன்முறையாக இழுத்த நோடுகளில் திருத்தப்பட்டது இயங்குகிறது.

லேட்டஸ்ட் டேக்குக்கு இயல்பான விதி 'எப்போதும் இழு' என்பதால், ஒரு பாட் தற்செயலாக மறுதொடக்கம் ஆனாலே நீங்கள் திட்டமிடாத பதிப்பு உற்பத்திச் சூழலுக்குள் நுழைந்துவிடக்கூடும். அதைவிடக் கவலைக்குரியது, முந்தைய நிலைக்குத் திரும்பும் கட்டளை பயனற்றுப் போவது: எந்த இமேஜை இயக்குவது என்று குறிக்கும் பழைய டிப்ளாய்மென்ட் வரையறையிலும் லேட்டஸ்ட், புதியதிலும் லேட்டஸ்ட் என்றால் திரும்பிச் செல்ல இடமேது?

உடனடியாக, திருத்தத்தை 2.4.1 என்று வெளியிட்டு, எல்லாப் பாடுகளையும் அதற்கு மாற்றுங்கள். அடுத்து, வெளியீட்டு டேக்குகளை மேலெழுத முடியாதபடி ரெஜிஸ்ட்ரியிலேயே பூட்டுங்கள். அமேசான் ஈசிஆர், ஹார்பர் ஆகிய ரெஜிஸ்ட்ரிகள் இரண்டிலும் இதற்கான அமைப்பு உண்டு. குழுவின் கட்டுப்பாட்டை மட்டும் நம்பினால், அவசரமான ஓர் இரவில் அது மீறப்படும் என்பதே என் உறுதியான கருத்து.

சோதனைக்கு ஒரு முறை, உற்பத்திக்கு ஒரு முறை என இருமுறை பில்ட் செய்யாதீர்கள் (நிரலிலிருந்து இமேஜை உருவாக்காதீர்கள்). இடையில் அடிப்படை இமேஜோ ஒரு சார்புத் தொகுப்போ மாறியிருந்தால், சோதித்தது ஒன்று, வெளியிட்டது வேறு என்றாகிவிடும். சோதனையில் தேறிய அதே இமேஜுக்கு வெளியீட்டு டேக்கைச் சேர்த்து, டிப்ளாய்மென்ட் வரையறையில் அதன் எஸ்எச்ஏ-256 டைஜஸ்ட்டையும் (இமேஜின் கைரேகை போன்ற குறியீடு) எழுதுங்கள். உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படுவதால், டைஜஸ்ட் வேறோர் இமேஜைச் சுட்டாது. இன்டெல், ஆர்ம் என இரு வகைச் சில்லுகள் கொண்ட நோடுகளும் இருந்தால், ஒரு வகைக்குரிய மேனிஃபெஸ்ட்டின் டைஜஸ்ட்டை அல்ல, இரண்டையும் உள்ளடக்கிய இன்டெக்ஸின் டைஜஸ்ட்டையே எடுக்க வேண்டும்.

கமிட் எண்ணை (நிரல் மாற்றத்தின் அடையாள எண்) இமேஜின் லேபிளில் பதியுங்கள். பதிப்பெண்ணுக்குப் பின் கூட்டல் குறியிட்டு அதை எழுதும் வழக்கம் இங்கே செல்லாது, ஏனெனில் டேக்கில் அக்குறிக்கு அனுமதியில்லை. அதற்குப் பதிலாக இடைக்கோடு இட்டாலோ, பதிப்புகளை ஒப்பிடும் கருவிகள் அதை முன்வெளியீடாகக் கருதிவிடும்.

பழைய இமேஜ்களைத் தானாக நீக்கும் விதி உங்கள் ரெஜிஸ்ட்ரியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். டேக் இல்லாத இமேஜ்களையே அவ்விதிகள் பெரும்பாலும் முதலில் நீக்கும் என்பதால், டைஜஸ்ட்டால் இயக்கும் ஒவ்வோர் இமேஜுக்கும் வெளியீட்டு டேக் ஒன்று நிலைத்திருக்க வேண்டும்.