பல்லைப் பிடித்துப் பார்க்கத்தான் வேண்டும்

கேள்வி: 2025 நவம்பரில் இலங்கையைத் தாக்கிய டித்வா புயலுக்குப் பிறகு எத்தனையோ நாடுகளும் தொண்டு நிறுவனங்களும் உதவ வந்திருக்கின்றன. அரசாங்கம் எல்லாவற்றையும் தன் திட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று பலர் எழுதுகிறார்கள். தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா? கொடுக்கிறவர்களே தங்களுக்குள் பேசிப் பிரித்துக்கொண்டால் வேலை சுறுக்காக முடியாதா?
– வாசகர் ஒருவர், மூதூர்

பதில்: முடியாது. அதை நாம் ஒருமுறை செய்து பார்த்துவிட்டோம், இந்த மாவட்டத்திலேயே.

2005 தை மாதம், சுனாமி வந்து மூன்று கிழமை இருக்கும், திருகோணமலையில் ஒரு பாடசாலை முகாமில் பதிவு வேலைக்கு நின்ற பொடியன்களில் நானும் ஒருவன். காலையில் ஒரு நிறுவனம் வந்து குடும்ப விவரம் எடுக்கும், பத்து மணிக்கு இன்னொன்று, பின்னேரம் வேறொன்று, ஒவ்வொன்றுக்கும் தனிப் படிவம், தனி இலக்கம், தனி அட்டை. ஒரு அம்மா பொலித்தீன் பைக்குள் ஐந்து அட்டைகளைச் சுற்றி வைத்திருந்தார். எந்த அட்டையோடு எந்த வரிசையில் நிற்பது என்று என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. மகனையும் பேரனையும் கடல் கொண்டுபோயிருந்தது. படிவம் நிரப்ப வந்த ஒவ்வொருவருக்கும் அந்த இரண்டு பெயரையும் வயதையும் அவர் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. அப்படிச் சொல்ல வைத்தவர்களில் நானும் ஒருவன் என்பது இன்றைக்கும் நெஞ்சுக்குள் கிடக்கிறது.

வள்ளம் கொடுத்த கதையும் அப்படித்தான். பார்வைக்கு எடுப்பான பொருள் என்பதால் எல்லோரும் வள்ளம் கொடுக்க ஆசைப்பட்டார்கள், நாட்டின் சில கரைகளில் தேவைக்கு மேல் குவிந்தன. கிண்ணியாப் பக்கம் ஒரு மீனவர் இரண்டு வள்ளத்தைக் காட்டி, "தம்பி, ரெண்டு தந்துட்டாங்க, வலைதான் ஒருத்தரும் தரல்ல" என்றார். தந்தவர்கள் ஒருவரும் கெட்டவர்கள் இல்லை. பக்கத்தில் இன்னொருவர் என்ன தருகிறார் என்பது அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அந்த முகாமில் எல்லாம் தெரிந்த ஒரே ஆள் எங்கள் ஜி.எஸ். ஐயா, அதாவது கிராம சேவகர். ஒரு சி.ஆர். கொப்பியில் கோடு போட்டு, குடும்பத் தலைவர் பெயர், எத்தனை பேர், பழைய வீடு எங்கே, யாரிடம் என்ன கிடைத்தது, இன்னும் என்ன இல்லை என்று எழுதி வைத்திருந்தார். ஈரம் பட்டு மட்டை ஊதிப் போன கொப்பி. யாராவது லொறியோடு வந்தால் அவர் அதைத் திறந்து, "அரிசி போதும், சேலைக்கட்டு தெருவில் பதினொரு குடும்பத்துக்குச் சமைக்கச் சட்டி இல்லை, அதைக் கொண்டு வாங்க" என்று முகத்துக்கு நேரே சொல்வார். சிலர் கோபித்துக்கொண்டு லொறியைத் திருப்பினார்கள். சிலர் அடுத்த நாள் சட்டியோடு வந்தார்கள்.

ஒருங்கிணைப்பு என்றால் என்னைப் பொறுத்தவரை அந்தக் கொப்பிதான். வாங்குகிறவனிடம் சொந்தப் பட்டியல் ஒன்று இருக்க வேண்டும், பட்டியலில் இல்லாததை வேண்டாம் என்று சொல்லும் தைரியமும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத அரசாங்கத்துக்கு எத்தனை கூட்டம், எத்தனை கணினித் தரவுத்தளம் கொடுத்தாலும் அது வந்ததை எண்ணிக்கொண்டுதான் இருக்கும்.

நம் அரசாங்கம் அன்றைக்கு என்ன செய்தது? கொழும்பில் மீள்கட்டுமானத்துக்கு 'டஃப்ரன்' என்று ஒரு செயலணி அமைத்தார்கள், அந்த வருடம் முடிவதற்குள் அது போய் 'ரடா' என்று வேறொரு அமைப்பு வந்தது. தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றருக்குள்ளும் வடக்கு கிழக்கில் 200 மீற்றருக்குள்ளும் வீடு கட்டக்கூடாது என்று அறிவித்துவிட்டு, பிறகு தளர்த்தினார்கள். அதற்குள் காணி தேடியே காலம் போனது. வடகிழக்குக்கான சுனாமி நிதியைப் பகிர அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் 2005 ஜூன் 24இல் கையெழுத்திட்ட பொதுக் கட்டமைப்பு ஒப்பந்தத்தின் முக்கியமான பகுதிகளை ஜூலை 15இல் உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. கொப்பி வைத்திருந்த ஜி.எஸ்.ஸை இந்த மேசைகளில் எதற்கும் யாரும் கூப்பிடவில்லை.

அதே கடல் அடித்த ஆச்சேயில் வேறு மாதிரி நடந்தது. 2005 ஏப்ரலில் இந்தோனேசிய அரசு 'பி.ஆர்.ஆர்.' என்ற மீள்கட்டுமான நிறுவனத்தை உண்டாக்கி, முன்னாள் அமைச்சர் குந்தோரோ மங்குசுப்ரோதோவை அமைச்சர் தகுதியோடு தலைவராக்கி, அலுவலகத்தை ஜகார்த்தாவில் வைக்காமல் பண்டா ஆச்சேயிலேயே போட்டது. நான்கு வருடம் தவணை. எந்த ஊரில் யார் வீடு கட்டுவது என்பதற்கு அந்த நிறுவனத்தின் சம்மதம் வேண்டியிருந்தது. ஆரம்பத்தில் அங்கேயும் குழப்பம்தான், மோசமாகக் கட்டிய வீடுகளும் உண்டு. ஆனால் கேட்கப் போக ஒரு கதவு இருந்தது, 2009 ஏப்ரலில் சொன்னபடி மூடிவிட்டுப் போனார்கள்.

அவ்வளவு தூரம் ஏன், உங்கள் மூதூர் பாதையையே எடுங்கள். ஆற்றைக் கடத்திவிடும் மிதவையான 'பாதை'க்காகத் துறைக்குத் துறை வெயிலில் காத்துக் கிடந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். இன்று கிண்ணியாப் பாலத்தைக் கடக்கிறீர்கள், 396 மீற்றர், சவூதி நிதியில் கட்டி 2009இல் திறந்தது. அப்புறம் உப்பாறு, கங்கை, இறால்குழிப் பாலங்கள், அவை பிரெஞ்சு நிதி. ஒரே வீதியில் வேறு வேறு நாட்டுக் காசு, பஸ்ஸில் போகிறவருக்கு அது தெரியாது, தெரியவும் தேவையில்லை. எப்படி முடிந்தது? வீதி எங்கே போகிறது, எந்த ஆற்றுக்கு எவ்வளவு நீளப் பாலம் என்பது வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கையில் இருந்தது. வந்தவர்களுக்கு 'இது உங்கள் ஆறு' என்று காட்ட முடிந்தது. பாலத்துக்கு முடிந்தது வீட்டுக்கும் வள்ளத்துக்கும் ஏன் முடியவில்லை என்று மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் உட்கார்ந்து யாராவது யோசித்திருக்க வேண்டும்.

கொடுக்கிறவர்களே பேசிக்கொள்ளட்டும் என்கிறீர்கள். பேசினார்களே! 2005 மார்ச்சில் பாரிஸில் பிரகடனமே செய்தார்கள், பெறும் நாட்டின் திட்டத்தைப் பின்பற்றுவோம், ஆளுக்கொரு தூதுக்குழு அனுப்பாமல் சேர்ந்து வருவோம், தனித்தனித் திட்ட அலுவலகங்களைக் குறைப்போம் என்றெல்லாம். 2010க்குள் எட்ட வேண்டிய 13 இலக்குகளில் உலக அளவில் எட்டியது ஒன்றே ஒன்று. அவர்களுக்கும் அவர்கள் நாட்டுப் பாராளுமன்றம் இருக்கிறது, தங்கள் கொடி பறக்கிற கட்டடத்தின் படம் வேண்டும், நிதியாண்டு முடிவதற்குள் காசு செலவாக வேண்டும். இந்த நெருக்குதலை வெல்ல வாங்குகிற பக்கத்தில் யாராவது உறுதியாக நிற்க வேண்டும். ருவாண்டா அப்படி நின்றது: ஒரு கொடையாளர் மூன்று துறைகளுக்கு மேல் இறங்கக்கூடாது என்று 2010இல் பிரித்துக் கொடுத்தது.

சரி, வெளியார் அரசாங்கத்துக்கு உதவவே கூடாதா என்றால், வேண்டும். ஆனால் எப்படி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆலோசகர் ஒருவர் வந்தால் அவர், வெளிநாட்டு உதவியைக் கையாளும் வெளிநாட்டு வளத் திணைக்களத்து அலுவலரின் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, அந்த அலுவலர் தானே செய்யும் வரை கூட நின்றுவிட்டுப் போகட்டும். எங்கள் அனுபவம் பெரும்பாலும் வேறு. தனியாக ஒரு அலுவலகம், குளிரூட்டிய அறை, திணைக்களத்தில் நல்லா வேலை தெரிந்த பொறியியலாளரையும் கணக்காளரையும் இரண்டு மூன்று மடங்கு சம்பளத்தில் இழுத்துக்கொள்வது, மூன்று வருடத்தில் திட்டம் முடிந்ததும் எல்லோரும் கலைவது. திணைக்களம் முன்பிருந்ததை விட வெறுமையாகக் கிடக்கும். தரவுத்தளமும் அப்படித்தான், நிரப்புகிற ஆள் போனால் அதுவும் போச்சு.

இனி உங்கள் மாட்டுக்கு வருகிறேன். முதலாவது, வெளிநாட்டு உதவி என்று வருவதில் பெரும்பகுதி தானமே இல்லை. பெரிய வீதி, பாலம், நீர்த்திட்டம் எல்லாம் பெரும்பாலும் கடன், வட்டி குறைந்த கடன் என்றாலும் கடன்தான், 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கைவிரித்ததை மறந்துவிட்டோமா? இரண்டாவது, உண்மையான தானமாகவே இருந்தாலும் மாட்டுக்கு வைக்கோல் போடுவது நாம். ஒருவர் ஆஸ்பத்திரி விடுதி கட்டித் தந்துவிட்டுப் போவார், தாதிமாருக்குச் சம்பளம், கரண்ட் பில், மருந்து, ஜெனரேட்டருக்கு டீசல் எல்லாம் ஒவ்வொரு வருடமும் திறைசேரியிலிருந்து வர வேண்டும். அந்தக் கணக்குப் பார்க்காமல் நன்றி சொல்லி வாங்கிய கட்டடங்கள் பூட்டிக் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். பல்லைப் பிடித்துப் பாருங்கள், குளம்பையும் பாருங்கள்.

டித்வாவின்போது மாவிலாறு கட்டு உடைந்து உங்கள் பக்கத்து வயல்களும் வீடுகளும் மூழ்கின. உதவி வருகிறது, இன்னும் வரும். நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பிரதேச செயலகத்துக்குப் போய், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்கள் ஜி.எஸ். பிரிவில் எந்த நிறுவனம் எந்தக் குடும்பங்களுக்கு என்ன செய்யச் சம்மதித்திருக்கிறது, யாருக்கும் ஒதுக்கப்படாமல் மீதி இருப்பது என்ன என்று எழுதிக் கேளுங்கள். தமிழிலேயே எழுதலாம். 2016 ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும், பெருமளவு வெளிநாட்டு அரசின் காசில் பொதுச் சேவை செய்கிற தொண்டு நிறுவனங்களும் அதற்குக் கட்டுப்பட்டவை. பட்டியல் கிடைத்தால் எங்களுக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், முழுதாக அச்சிடுகிறோம். பட்டியலே இல்லை என்று பதில் வந்தால் அந்தக் கடிதத்தை அனுப்புங்கள், அதையும் அச்சிடுகிறோம்.