காயம்பட்ட கெக்கோவுக்கு ஃபேன் வேண்டாம்

கேள்வி: என் மகன் லெபர்ட் கெக்கோ என்ற ஒரு வகைப் பல்லி வளர்க்கிறான். போன மாதம் கூண்டுக் கதவைச் சாத்தும்போது வால் மாட்டி அறுந்துவிட்டது. பதறிப்போய்ப் பஞ்சு வைத்து இறுக்கிக் கட்டி, காற்றாடட்டும் என்று ஃபேனுக்குக் கீழே வைத்தோம். நாய், பூனை பார்க்கும் டாக்டர் "இதெல்லாம் நான் பார்ப்பதில்லை" என்றார். எப்படியோ பிழைத்துக்கொண்டது. இனிமேலாவது முதலுதவியைக் கற்றுக்கொள்ள வேண்டும். எங்கே தொடங்குவது?

பதில்: உங்கள் மகன் தன்னால்தான் வால் போனது என்று இன்னும் வருந்திக்கொண்டிருந்தால், முதலில் அவனைத் தேற்றுங்கள். பயந்தாலோ மாட்டிக்கொண்டாலோ கெக்கோ வாலைத் தானே கழற்றிவிடும். அதற்கென்றே வால் எலும்புகளில் பிளவுக் கோடுகள் இருக்கின்றன, அறுந்ததும் அங்குள்ள தசை சுருங்கி ரத்தக் குழாயை அடைத்துக்கொள்ளும், அதனால்தான் பெரும்பாலும் ரத்தம் கொஞ்சமாகவே வரும். லெபர்ட் கெக்கோவுக்கு வால் திரும்ப வளரும், ஆனால் பழைய வால் மாதிரி இருக்காது. கட்டே தேவையில்லை. பஞ்சின் இழை புண்ணில் ஒட்டிக்கொண்டு தொல்லை தரும். மணலை எடுத்துவிட்டு வெறும் டிஷ்யூ பேப்பர் விரித்து, அழுக்காக ஆக மாற்றினால் போதும். கெக்கோ கொழுப்பைச் சேர்த்து வைப்பது வாலில்தான் என்பதால் அந்த நாட்களில் சாப்பாட்டில் குறை வைக்காதீர்கள்.

அப்புறம் அந்த ஃபேன். நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியதில் பாதி இதில்தான் இருக்கிறது. நமக்கும் நாய்க்கும் உடம்பே சூட்டை உண்டாக்கிக்கொள்ளும். கெக்கோவுக்கும் ஆமைக்கும் பாம்புக்கும் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். உடம்பு குளிர்ந்துவிட்டால் செரிமானம், நோய் எதிர்ப்பு, புண் ஆறுவது எல்லாமே மந்தமாகிவிடும். ஆகவே ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், நின்றதும் அதற்குப் பழக்கமான சூட்டிலேயே வையுங்கள் (லெபர்ட் கெக்கோவின் கூண்டில் சூடான பக்கத்துத் தரை 32 டிகிரி செல்சியஸ் வாக்கில் இருக்க வேண்டும்). டாக்டரிடம் கொண்டுபோகும்போதும் அப்படித்தான்: காற்றோட்டமுள்ள சிறு பெட்டி, பக்கத்தில் துணி சுற்றிய வெந்நீர் பாட்டில்.

விளக்கிலோ சூடாக்கும் கல்லிலோ சுட்டுக்கொண்டால் மட்டும் முதலில் சுட்ட இடத்தைச் சாதாரணத் தண்ணீரில் குளிர்விக்க வேண்டும். ஐஸ் வேண்டாம், எண்ணெய், பற்பசை எதுவும் வேண்டாம், கொப்புளத்தை உடைக்கவும் கூடாது.

உடம்பைச் சுற்றி எதையும் இறுக்கிக் கட்டாதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம்மைப் போல மூச்சுக்கு உதவும் உதரவிதானம் பல்லிக்கும் பாம்புக்கும் கிடையாது. விலா எலும்புகளை அசைத்துத்தான் அவை மூச்சு விடுகின்றன, கட்டு இறுகினால் அதுவே முடியாமல் போகும். சோர்ந்து கிடக்கும் விலங்கின் வாயில் தண்ணீரோ சாப்பாடோ ஊற்றித் திணிக்காதீர்கள், மூச்சுக்குழாயின் வாய் நாக்கை ஒட்டியே இருப்பதால் நுரையீரலுக்குப் போய்விடும்.

மருந்து விஷயத்தில் கையைக் கட்டிக்கொள்வதே நல்லது. புண்ணைக் கழுவ மருத்துவ உப்புநீர், அல்லது லேசான டீ நிறத்துக்கு நீர்த்த போவிடோன் அயோடின், அவ்வளவுதான். ஹைட்ரஜன் பெராக்சைடும் ஸ்பிரிட்டும் நல்ல சதையையும் சேர்த்து அரித்துவிடும். வலி மரத்துப்போகச் செய்யும் களிம்புகள், நாம் போடும் மாத்திரைகள் எதுவும் டாக்டர் சொல்லாமல் கூடாது. நாளைக்கு உங்கள் மகன் ஆமை கேட்பான், அதற்காக இதையும் சொல்கிறேன்: நாய்க்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்து ஆமையைக் கொன்றுவிடும். ஓடு விரிசல் விட்டால் பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். ஓடு உயிருள்ள எலும்பு, கிருமியை உள்ளேயே வைத்து மூடியது போலாகிவிடும். ஈரமான காஸ் துணியால் மூடி எடுத்துக்கொண்டு ஓடுங்கள். தண்ணீரில் மூழ்கிய ஆமை அசையவில்லை என்பதற்காகச் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஆமைகள் நெடுநேரம் ஆக்சிஜன் இல்லாமல் தாங்கக்கூடியவை. தலை கீழே இருக்கும்படி பிடித்து நீரை வடியவிட்டு, அப்படியே டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

சரி, எங்கே தொடங்குவது என்றுதானே கேட்டீர்கள். கெக்கோ நலமாக இருக்கும் இப்போதே தொடங்குங்கள். வாரம் ஒருமுறை கிராம் காட்டும் சமையல் தராசில் எடை பார்த்து எழுதச் சொல்லுங்கள், தராசைக் கெக்கோவுக்கென்றே தனியாக வையுங்கள், ஒவ்வொரு முறையும் சோப்பு போட்டுக் கை கழுவட்டும், சால்மொனெல்லா கிருமி இவற்றிடம் சாதாரணமாக இருக்கும். அது மூச்சு விடும் விதம், கண், தோல் உரியும் விதம் எல்லாம் அவனுக்குப் பழகிவிட்டால் எடை குறைவதும் கண் குழிவதும் வாயைத் திறந்தே மூச்சு விடுவதும் உடனே அவன் கண்ணில் படும். ஊர்வன பார்க்கும் டாக்டர் ஒருவரை இந்த வாரமே தேடிப்பிடித்து, ஒன்றும் இல்லாதபோதே ஒருமுறை கெக்கோவைக் காட்டிவிட்டு வாருங்கள். வீட்டில் எப்படித் தூக்கிப் பிடிப்பது, எப்படிக் கழுவுவது என்று அவர் செய்து காட்டுவதைக் கவனிக்க மகனையும் கூட்டிப்போங்கள், அவசரத்துக்கு எந்த எண்ணில் கூப்பிடலாம் என்று கேட்டு அதைக் கூண்டின் மேலேயே ஒட்டிவிடுங்கள்.